மஞ்சள் இலையில் என் கையெழுத்து

அன்றைக்கு ஆலயத்தில் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பின்னால் யாரும் ‘நான் அங்கே இல்லையே’ என்று நழுவக்கூடாது.

போதகர் இருந்தார். அவர் மனைவி கீபோர்டின் முன்னால் இருந்தார். மயிலாடுதுறையிலிருந்து காரில் வந்த, பல சபைகளுக்கு மேலாளான சேகரத் தலைவர், பீடத்துக்குப் பக்கத்தில் துண்டு விரித்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பால் சொசைட்டியில் வேலை பார்க்கும் லாசர் அண்ணன் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தார். சபையில் முக்கால்வாசிப் பேர் இருந்தார்கள். நான் முதல் பெஞ்சில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் இருந்தேன்.

அப்பா இல்லை. அவர் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி வாசலில் காவலுக்கு இருக்கிறார். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும்தான் வருவார். அம்மாவோடு நடவுக்குப் போகிற பெண்களில் மூன்று பேர் இல்லை. அவர்கள் அந்த நேரத்தில் முழங்கால் சேற்றில் குனிந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

அம்மா இருந்தாள். நடவைப் பாதியில் விட்டுவிட்டு, பம்புசெட்டில் காலைக் கழுவிக்கொண்டு வந்திருந்தாள். கால் விரல் இடுக்குகளில் மிச்சமிருந்த சேறு காய்ந்து வெளுத்திருந்தது. ‘தலைவர் வர்றார், எல்லாரும் கட்டாயம் வரணும்’ என்று போதகர் சொல்லியனுப்பியிருந்தார்.

போதகர் மைக்கைக் கையில் எடுத்து, சுவரில் காகித இலைகளோடு இருந்த மரப்படத்தைக் காட்டினார்.

“சாராளம்மா, வாங்க. உங்க இலையை எடுத்துக்கிட்டு முன்னால வாங்க.”

சாராள் என் அம்மா. எழுந்து போனாள். மரத்தின் முன்னால் நின்றாள். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

“எங்கடா இருக்கு நம்ம எலை?”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த மரத்தில் நாற்பத்தொரு இலைகள் இருந்தன. நாற்பத்தொரு பெயரையும் எழுதியவன் நான்.

ஆப்பிள் மரம் வந்த கதை

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தவன் நான் என்று சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சீர்காழியிலிருந்து ஒரு வாசகர், ‘உங்கள் படிப்பு உங்கள் மக்களுக்கு எப்படிப் பயன்பட்டது?’ என்று கேட்டிருக்கிறார். ஐயா, இப்படித்தான் பயன்பட்டது. படியுங்கள்.

எங்கள் போதகருக்கு என்னைவிட ஆறேழு வயதுதான் கூட இருக்கும். கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் கோபம் என்றைக்கோ ஆறியிருக்கும்.

அவர் ஏதோ ஒரு பெரிய ஊரில் மூன்று நாள் முகாமுக்குப் போய்விட்டு, கையில் ஒரு ஃபைலோடு திரும்பி வந்தார். அடுத்த நான்கு ஞாயிறும் ஆவிக்குரிய வளர்ச்சியைப் பற்றித்தான் பிரசங்கம். விசுவாசி ஒரு மரம். ஜெபம் வேர். வேதம் தண்டு. ஆராதனை இலை. ஊழியம் கனி. வயலில் பிறந்து வயலில் காலம் தள்ளுகிற ஜனங்களுக்கு முன்னால் நின்றுகொண்டு, செடிக்கு வெயிலும் தண்ணீரும் வேண்டும் என்று அவர் விளக்கினார். ஜனங்களும் ‘ஆமென்’ சொன்னார்கள்.

பிறகு என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு, நாற்காலியில் உட்காரவைத்து, காபி கொடுத்தார்.

“தம்பி, நீங்க தஞ்சாவூர் காலேஜ்ல படிச்சவரு. கம்ப்யூட்டர் தெரியும். கையெழுத்தும் முத்து முத்தா இருக்கு. சபைக்கு ஒரு வளர்ச்சி மரம் செஞ்சு தரணும்.”

‘நீங்க’ என்றார். அது போதுமாக இருந்தது எனக்கு. மலையைப் புரட்டச் சொல்லியிருந்தாலும் புரட்டியிருப்பேன்.

இணையத்தில் தேடி நல்ல மரமாக ஒன்றை எடுத்து, ஆறடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் அடித்துக்கொண்டு வந்தேன். சுவரில் மாட்டிய பிறகுதான் பார்த்தேன், அது ஆப்பிள் மரம். எங்கள் பக்கத்தில் ஆப்பிள் என்பது ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்க்கப் போகும்போது வாங்குகிற பொருள். அது மரத்தில் எப்படித் தொங்கும் என்று சபையில் ஒருவருக்கும் தெரியாது.

இதில் போதகரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் வேதத்தில் வருகிற கேதுரு மரத்தை வரையச் சொன்னார்கள். நான் ஒரு பனைமரத்தை வரைந்து, கீழே ‘கேதுரு’ என்று எழுதிக் கொடுத்தேன். முதல் பரிசு கிடைத்தது. டீச்சரும் கேதுருவைப் பார்த்ததில்லை. கேதுரு, ஒலிவம், திராட்சை என்று நாங்கள் கண்ணால் காணாத செடிகளை வைத்தே பக்தியில் வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் கால்மாட்டில் இருக்கும் பயிரைக் காட்டி யாரும் எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

வண்ணத் தாளில் இலைகள் வெட்டினேன். திருவிருந்து எடுக்கிற பெரியவர்கள் நாற்பத்தொரு பேர். ஆளுக்கு ஓர் இலை. போதகர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயரையும் நிறத்தையும் சொல்லச் சொல்ல, நான் எழுதினேன். தவறாமல் வருகிறவருக்குக் கரும்பச்சை. அவ்வப்போது தவறுகிறவருக்கு வெளிர்பச்சை. வாடிக்கொண்டிருக்கிறவருக்கு மஞ்சள்.

ஒரு பெயரில் வந்து அவர் நிறுத்தினார்.

“தம்பி, அடுத்தது உங்க அம்மா.”

“சொல்லுங்கய்யா.”

“கடைசி ஆறு ஞாயிறுல அஞ்சு வரல. கணக்குப்படி பாத்தா மஞ்சள். உங்களுக்குச் சங்கடமா இருந்தா வெளிர்பச்சையே போட்டுருவோம்.”

“வேணாங்கய்யா. எங்கம்மாங்கறதுக்காக மாத்தக்கூடாது. மஞ்சளே போடுங்க.”

அவர் என் தோளைத் தட்டினார். “இதான் முதிர்ச்சி” என்றார். எனக்கு ஒரு கரும்பச்சை இலையை எடுத்துக் கொடுத்தார்.

அவர் விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார். நான்தான் தயாராக இல்லை. இதை எழுதும்போது காதுமடல் சுடுகிறது. மரத்தில் இருந்த ஒரே மஞ்சள் இலையை, வளைவு வளைவாக, எந்த எழுத்தும் கோணாமல், அவ்வளவு அழகாக எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை முதலாளிகள்

அம்மா ஏன் வரவில்லை என்று அந்தப் பதிவேட்டில் எழுத இடமில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியதில்லை, எனக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்து நிலக்காரர்களில் பாதிப் பேர் இப்போது ஊரில் இல்லை. ஒருவர் வாத்தியார், ஒருவர் பேங்க், ஒருவர் சென்னையில் கம்ப்யூட்டர். நிலத்தை விற்க மனசில்லை. வந்து பார்க்க நேரமில்லை. அவர்களுக்கு லீவு ஞாயிற்றுக்கிழமை. ஆகவே நடவும் ஞாயிற்றுக்கிழமை. தொப்பியும் கூலிங்கிளாஸுமாக வரப்பில் நின்று, ஆள் எண்ணிக்கை சரியாக இருக்கிறதா, நாற்று நெருக்கமாக விழுகிறதா என்று பார்த்துவிட்டு, இளநீர் குடித்துவிட்டுச் சாயங்கால ரயிலுக்குப் போவார்கள்.

அம்மாவின் நடவு செட்டில் ஒன்பது பெண்கள். அதில் அம்மாவையும் சேர்த்து ஏழு பேர் எங்கள் சபை. செட்டுக்குத் தலைவி அம்மாதான். நிலக்காரரிடம் பேசுவது, வாய்க்காலில் தண்ணீர் விடும் முறையைப் பார்த்து நாள் வைப்பது, எல்லாம் அவள். பறித்துக் கட்டிய நாற்று திங்கட்கிழமை வரை காத்திருக்காது. தண்ணீரும் காத்திருக்காது.

அதற்கு அவள் ஓர் ஏற்பாடு செய்திருந்தாள்.

“மூணு மூணு பேரா கோயிலுக்குப் போயிட்டு வாங்கடி. ஒரு வாரம் நீங்க மூணு பேரு, அடுத்த வாரம் அவளுங்க மூணு பேரு. நான் இங்க பாத்துக்கறேன்.”

அந்த ஆறு பேரின் இலைகளும் வெளிர்பச்சையாக இருந்தன. அவர்கள் வெளிர்பச்சையாக இருப்பதற்காகத்தான் என் அம்மா மஞ்சளாக இருந்தாள். இது எந்த முகாமில் எந்த ஃபைலில் வரும்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் ஆலயத்தைப் பெருக்கிக் கழுவுவது அம்மாவின் வேலை. யாரும் சொல்லி அவள் செய்யவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது என்னைப் பெஞ்சுக்கடியில் துணி விரித்துப் போட்டுவிட்டுப் பெருக்கியிருக்கிறாள். சனிக்கிழமைக்கு வருகைப் பதிவேடு கிடையாது.

பச்சை கட்டும் வரை

மரம் மாட்டிய பிறகு வந்த முதல் சனிக்கிழமை. நான் ஆலயத்தின் மூலையில் உட்கார்ந்து மறுநாளைக்கான பாட்டுச் சீட்டை எழுதிக்கொண்டிருந்தேன். அம்மாவும் அவள் செட்டில் இருக்கும் ராஜாத்தியும் தண்ணீர் தெளித்துப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். ராஜாத்திக்கும் எழுத்துத் தெரியாது.

“யக்கா, எல்லாம் பச்சையா இருக்கு, இந்த ஒண்ணு மட்டும் ஏன் மஞ்சளா இருக்கு?”

“பழுத்துருக்கும்டி.”

“பழுத்ததுன்னா நம்ம பழைய உபதேசியாராத்தான் இருக்கணும். அவருதான் இன்னைக்கோ நாளைக்கோன்னு தொங்கிக்கிட்டு இருக்காரு.”

“அடி செருப்பால. கோயிலுக்குள்ள பேசற பேச்சா இது?”

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அம்மா துடைப்பத்தை இடுக்கிக்கொண்டு மரத்துக்குக் கிட்டத்தில் போனாள்.

“இல்லடி. இது பழுத்த மஞ்சள் இல்ல. நட்டு நாலு நாள் ஆன பயிரு மாரி இருக்கு பாரு. யாரோ புதுசா வந்துருக்காங்க. டேய், யாருடா இது? புதுசா சேந்தவங்களா?”

பாட்டுச் சீட்டிலிருந்து நான் தலையை எடுக்கவில்லை.

“ஆமாம்மா.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“பொம்பளை.”

“எந்த ஊரு?”

“இந்தப் பக்கம்தான்.”

“பாவம். வீட்டுல புருசன் மாமியாரெல்லாம் என்ன பேச்சுப் பேசுறாங்களோ. நான் வந்தப்ப எனக்கு ஒரு வருசம் யாரு வீட்டுலயும் பச்சத்தண்ணி குடுக்கல.”

சொல்லிவிட்டு, ஈரக் கையை முந்தானையில் துடைத்து, அந்த இலையின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடினாள்.

“ஆண்டவரே, இந்தப் பொண்ணு புதுசு. வேர் புடிக்கறவரைக்கும் நீங்கதான் பாத்துக்கணும்.”

நடவைப் பார்க்காதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நாற்றங்காலில் இருக்கும்போது நாற்று கிளிப்பச்சையாக இருக்கும். அதைப் பிடுங்கும்போது வேர் அறுபடும். வேறு வயலில், வேறு சேற்றில் ஊன்றியதும் அது மஞ்சளாகிவிடும். ஏழெட்டு நாளைக்குப் பார்க்கவே சகிக்காது. டவுனிலிருந்து வந்த நிலக்காரர் என்றால் ‘போச்சு, எல்லாம் போச்சு’ என்று தலையில் கைவைப்பார். நட்டவள் கலங்க மாட்டாள். அந்த நாட்களில்தான் பயிர் சேற்றுக்குள் புதுவேர் விட்டுக்கொண்டிருக்கும். அது மேலே காட்டுவதற்கு ஒன்றுமில்லாத வேலை. வேர் பிடித்த பிறகுதான் பச்சை கட்டும்.

வாழ்நாளில் எத்தனை லட்சம் நாற்றை ஊன்றியிருப்பாளோ, அப்படிப்பட்டவள் ஒரு மஞ்சள் இலையைப் பார்த்தால் அவளுக்கு வேறென்ன தோன்றும்? வாட்டம் என்பது அவள் புத்தியிலேயே இல்லை.

ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் அந்த இலையின் மேல் கைவைத்து ஜெபித்தாள். ஐந்தோ ஆறோ வாரம். எழுத்துத் தெரிந்த மற்ற பெண்கள் ஏன் சொல்லவில்லை என்று பிறகு கேட்டேன். ‘எழுதுனது நீ. உங்கம்மாட்ட நீ சொல்லிருப்பேன்னு நெனச்சோம்’ என்றார்கள்.

மறுபடியும் மைக்

ஆக, தலைவர் வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா மரத்தின் முன்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே கையை நீட்டிக் காட்டினேன்.

அவள் நான் காட்டிய பக்கத்தில் இருந்த ஒரு பச்சை இலையைத் தொட்டாள். இல்லையென்று தலையாட்டினேன். அதற்கடுத்த இலையைத் தொட்டாள். அதுவும் இல்லை என்றேன். மூன்றாவதாகத் தொட ஒன்றுதான் இருந்தது. அவள் விரல் அதன் கிட்டே போய் நின்றது. சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

இலையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். போதகர் மைக்கை அவள் வாய்க்குக் கிட்டத்தில் நீட்டினார்.

“சொல்லுங்கம்மா. இந்த இலை ஏன் வாடிப்போச்சு? மனசைத் திறந்து சொல்லுங்க.”

“வாடுனதாய்யா இது?”

“ஆமாம்மா. ஆராதனைக்கு வராததால வாடியிருக்கு.”

அம்மா இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“புதுசா வந்தவங்கன்னு நெனச்சுட்டேன்யா. வாராவாரம் சனிக்கெழமை இந்தப் பொண்ணுக்கு வேர் புடிக்கணும்னு ஜெபம் பண்ணுனேன். எனக்கே பண்ணிருக்கேன் போல.”

சபை சிரித்தது. பின் பெஞ்சில் ஆரம்பித்த சிரிப்பு முன்னால் வந்து, தலைவர் வரைக்கும் போனது. யாரும் குரூரமாகச் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். எங்கள் தெருக்காரர்கள், அவள் கையால் சோறு தின்றவர்கள், ஏதோ நல்ல தமாஷைக் கேட்டதுபோலச் சிரித்தார்கள்.

“பாத்தீங்களா!” என்று போதகர் உற்சாகமாகிவிட்டார். “யாருக்காக ஜெபிக்கிறோம்னு தெரியாமலே தனக்காக ஜெபிச்சிருக்காங்க. இதைவிட என்ன சாட்சி வேணும்? கைதட்டி ஆண்டவருக்கு மகிமை செலுத்துங்க!”

கைதட்டினார்கள். அவர் தயாராக வைத்திருந்த பச்சை இலை ஒன்றை அம்மாவிடம் நீட்டினார். அதிலும் அவள் பெயர் இருந்தது. அது என் கையெழுத்தில்லை.

“இன்னையிலேருந்து நீங்க பச்சை.”

“எதுக்குய்யா? வர்ற ஞாயித்துக்கெழமையும் நடவு இருக்கு. நீங்க திரும்ப மாத்தணும்ல? இதையே வச்சுக்கறேன்.”

மறுபடியும் சிரிப்பு. அவள் சிரிக்கவைக்கச் சொல்லவில்லை. உண்மையாகவே அவருக்கு இரட்டை வேலை வேண்டாம் என்றுதான் சொன்னாள்.

கரும்பச்சை இலைக்காரர்களைப் பற்றி எனக்கு ஒரு வார்த்தை பாக்கி இருக்கிறது. யூரியாவை அள்ளி வீசினால் எந்தப் பயிரும் பத்தே நாளில் கருகருவென்று நிற்கும். சாலையில் போகிறவன் நின்று பார்த்துவிட்டுப் போவான். ஐப்பசி மழையில் முதலில் சாய்ந்து தண்ணீரில் கிடப்பதும் அதுதான். எனக்குக் கொடுத்த இலையையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆராதனை முடியுமுன்பே அம்மா வெளியேறிவிட்டாள். நான் பின்னால் ஓடினேன். வாய்க்கால் மதகுக்கிட்ட எட்டிப்பிடித்தேன். இலை அவள் கையில் இருந்தது.

“நீ எழுதுனதா?”

“ஆமாம்மா.”

“எம் பேரு எங்க ஆரம்பிக்குது? இங்கயா?”

“ஆமா.”

விரலை வைத்து, ஆரம்பத்திலிருந்து முடிவு வரை மெதுவாகத் தடவினாள்.

“நல்லா எழுதிருக்கியா?”

நான் வாய்க்கால் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“சரி, நாத்து காயும்” என்று சொல்லிவிட்டு, இலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கினாள்.

நான் எப்படா அழுதேன்?

இத்தோடு முடிந்திருந்தால் அவள் தொடர்ந்து ஆலயத்துக்கு வந்திருப்பாள். வந்தாள். நடவு முடிந்த பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை வழக்கமான தூணோரத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டுப் பாடினாள். சனிக்கிழமை பெருக்கினாள். மஞ்சள் இலை இருந்த இடத்தில் ஒரு குண்டூசி மட்டும் இருந்தது.

கிறிஸ்துமஸ் துணி எடுக்க அவளும் நானும் மயிலாடுதுறை போயிருந்தோம். பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண் அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிட்டத்தில் வந்தாள்.

“ஸ்தோத்திரம்மா. நீங்க அந்த மஞ்ச எலை அம்மாதானே?”

“யாரும்மா நீ?”

“எங்க சபை குரூப்புல உங்க சாட்சி வந்துச்சு. அப்படியே உடைஞ்சுட்டேன். இப்பப் பச்சையாயிட்டீங்களாம்மா?”

போனைத் திறந்து காட்டினாள். லாசர் அண்ணன் எடுத்த வீடியோ. அதற்குள் சோகமாக ஒரு புல்லாங்குழலைச் சேர்த்திருந்தார்கள். அம்மாவின் முகத்தை நிறுத்தி, பெரிதாக்கி, கன்னத்தில் ஒரு பளபளப்பை ஏற்றியிருந்தார்கள். மேலே சிவப்பு எழுத்து.

“என்னடா எழுதிருக்கு?” என்றாள் அம்மா.

இந்தத் தடவை நான் உள்ளதை உள்ளபடி வாசித்தேன்.

“வாடிய இலை துளிர்த்தது. கண்ணீர் சாட்சி.”

“நான் எப்படா அழுதேன்?”

அந்தப் பெண் அம்மாவின் தோளில் சாய்ந்து ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அம்மா துணி எடுக்கவில்லை. ‘வா, வீட்டுக்குப் போவோம்’ என்றாள்.

அதற்கடுத்த சனிக்கிழமை அவள் ஆலயத்துக்குப் பெருக்கப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் போகவில்லை. கிறிஸ்துமஸுக்கு அப்பா வந்திருந்தார். அவர் கூப்பிட்டும் போகவில்லை.

பிஸ்கட் பாக்கெட்

போதகர் வீட்டுக்கு வந்தார். அதை மறைக்கக்கூடாது. தனியாக, சைக்கிளில், கையில் ஒரு பிஸ்கட் பாக்கெட்டோடு வந்தார். அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். டீ போட்டுக் கொடுத்தாள்.

“வீடியோவை நான் அனுப்பச் சொல்லலம்மா. தலைவர் கேட்டார்னு லாசர் அனுப்பியிருக்கார். அங்கேருந்து போயிருக்கு. மன்னிச்சுக்குங்க.”

“அது பரவால்லய்யா.”

“மரத்தையும் கழட்டிடறேன். அது சும்மா ஒரு உவமைதாம்மா. இயேசுவே விதை, செடி, களைன்னு உவமை சொல்லலையா?”

அம்மா எழுந்து வந்தாள். டம்ளரை வாங்கிக் கீழே வைத்தாள்.

“சொன்னாருய்யா. உவமையில பேரு எழுத மாட்டாங்கல்ல?”

அவர் முகம் செத்துவிட்டது. என் முகமும்தான். இன்ன விதை வழியோரத்தில் விழுந்தது, இன்ன விதை பாறையில் விழுந்தது என்று சொன்னவர், இது பேதுரு, இது யாக்கோபு என்று சொல்லவில்லை. கேட்கிறவன் தானே உள்ளே போய்த் தன்னைத் தேடிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். நாங்கள் இரண்டு படித்தவர்கள் சேர்ந்து, தேட வேண்டிய சிரமம்கூட இல்லாமல், பெயரெழுதிக் குண்டூசி குத்திக் கொடுத்துவிட்டோம்.

“ஞாயித்துக்கெழமை வாங்கம்மா” என்றார் அவர், எழுந்திருக்கும்போது.

“வந்தா எந்தப் பேருல உக்காருவேன்யா? சாராளாவா, மஞ்ச எலையாவா? தூணோரத்துல உக்காந்தேன், பின்னாடி ரெண்டு புள்ளைங்க குசுகுசுன்னு அதைச் சொல்லித்தான் சிரிச்சுதுங்க. புள்ளைங்க மேல தப்பில்ல.”

“ஆண்டவருக்கு உங்களைத் தெரியும்மா.”

“தெரியும்யா. அதுக்குத்தான் வீட்டுலயே இருக்கேன்.”

அன்று சாயங்காலமே அவர் மரத்தைக் கழற்றினார். நான்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். கழற்றும்போது அவர் அழுதார். அதை யாரும் வீடியோ எடுக்கவில்லை. அவருக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை.

அம்மாவைப் பார்த்து ராஜாத்தியும் கோயிலுக்குப் போவதை நிறுத்தினாள். ‘யக்கா சேத்துல நின்னதாலதான் நாங்க கோயில்ல நின்னோம். இனிமே நாங்க மட்டும் போயி என்னத்த?’ என்றாள். ராஜாத்தியைப் பார்த்து மற்ற ஐந்து பேரும் நின்றார்கள். யாரும் சண்டை போடவில்லை, கடிதம் எழுதவில்லை, வேறு சபையில் சேரவில்லை. ஆராதனை மணி அடிக்கிற நேரத்தில் அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

நான் போகிறேன். எனக்குக் கடவுள் மேல் கோபமில்லை. ஃபிளெக்ஸ் அடித்தது அவரில்லை. அம்மாவும் என்னைப் போக வேண்டாம் என்று சொன்னதில்லை. சட்டைக்கு அவளே இஸ்திரி போட்டுத் தருகிறாள். ‘போயிட்டு வா’ என்பாள். அதற்குமேல் அங்கே என்ன நடந்தது என்று கேட்க மாட்டாள். ஒருமுறையாவது கேட்கமாட்டாளா என்று ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் செருப்பைக் கழற்றும்போது நின்று பார்க்கிறேன்.

இரண்டு அறுவடை ஆகிவிட்டது. அந்தப் போதகர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவர் நல்ல வயசாளி. சபைக் குறிப்பைப் பார்த்துவிட்டு, ‘இவ்வளவு பேர் எங்கே தம்பி?’ என்று என்னைக் கேட்டார். எழுதிக் கொடுத்தேன்.

என் அம்மா சாராள். அவளோடு நடவுக்குப் போகும் பெண்கள் ஆறு பேர். அந்தப் பெண்களின் வீட்டு ஆண்களில் நான்கு பேர். பிள்ளைகள் பதின்மூன்று.

இருபத்து நான்கு பேர்.